காசு கூடினால் நாள் நன்றாகப் போகுமா?

கேள்வி: யூலை 11, 2025

அண்ணா ரொறன்ரோவில். பன்னிரண்டு வருடமாகக் காசு அனுப்புகிறார். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீடு இப்போது மேல்மாடி, மாபிள் பதித்த விறாந்தை, அறைக்கு ஒரு ஏசி, சுற்றிவர ஆளுயர மதில். ஆனால் அம்மாவின் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா ஒருவர் விடியவே வந்து குந்தி, நாள் முழுக்கச் சிரித்துக் கதைத்தபடி வியாபாரம் செய்கிறார். அவரிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. அப்படியானால் அன்றாடச் சந்தோஷத்துக்கும் காசுக்கும் தொடர்பே இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படி இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

யூலை 12, மாலை

நான் அப்படி இல்லை, தொடர்பு உண்டு என்கிற பக்கம்.

கூட்டுறவு வங்கி ஒன்றின் அடைவுப் பகுதியில், அதாவது நகை அடகு பிடிக்கிற பகுதியில், 24 வருடம் இருந்தேன். 1997இல் சேர்ந்து 2021இல் ஓய்வு. தராசு, உரைகல், அமிலப் போத்தல், அடைவுச் சீட்டு, இவ்வளவும்தான் என் மேசை. அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் எத்தனையோ பேர் வெளியில் சிரித்த முகத்தோடு திரிகிறவர்கள். சந்தையில் கத்தரிக்காயும் கீரையும் விற்கிறவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தால் யார் வாங்குவார்கள்? அந்தச் சிரிப்பு பொய் என்று சொல்லவில்லை. உண்மையான சிரிப்புத்தான். ஆனால் அது தொழிலுக்கும் வேண்டியது. சந்தை கலைந்த பிறகு அந்த முகம் எப்படி இருக்கும் என்று தம்பி பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டை அடைவு வைக்க வரும் பெண்கள் அதை அங்கேயே, என் கண்முன்னால்தான் கழற்றுவார்கள். வருடக்கணக்காகப் போட்ட தோடு என்றால் சுரை இறுகிப்போயிருக்கும். தலையைச் சரித்து, பல்லைக் கடித்து, மெல்ல மெல்லத் திருகுவார்கள். கழன்றதும் தோட்டை மேசையில் வைத்துவிட்டு, சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன ஈர்க்குத் துண்டை எடுத்துக் காதில் செருகுவார்கள். துளை தூர்ந்துபோகக் கூடாது, திரும்பத் தோடு போட வேண்டும். அந்த ஈர்க்கு வீட்டிலேயே அளவாக முறித்து, நுனி தேய்த்து, முடிந்து கொண்டுவந்தது. அன்று காலை பாண் வாங்கும்போதும், பிள்ளைக்குத் தலை இழுத்துவிடும்போதும் அந்த முடிச்சு அவர்களோடுதான் இருந்திருக்கிறது. அந்தக் காலைப்பொழுது காசால் பாதிக்கப்படவில்லை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

யூலை 12, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். தம்பி, அம்மாவிடம் “சந்தோஷமாக இருக்கிறீங்களா” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்த அம்மாவும் “எனக்கென்ன குறை” என்றுதான் சொல்லுவா. “நேற்று உங்களுக்கு எப்படிப் போனது” என்று கேளுங்கள். காலையிலிருந்து ஒவ்வொன்றாக.

யூலை 14

ஏன் அப்படிக் கேட்கச் சொன்னேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

ஒன்று, ஏணிக் கேள்வி. அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சிப்படி என்றால் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக நாடுகளை மகிழ்ச்சியில் வரிசைப்படுத்தி வருடா வருடம் செய்தி வருகிறதே, அது இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களை வைத்துத்தான். மற்றது, நேற்றுக் கேள்வி. நேற்றுச் சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, பதற்றம் இருந்ததா?

டானியல் கானெமானும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். இருவரும் பொருளியலுக்கான நோபெல் பெற்றவர்கள், முன்னவர் 2002இல், பின்னவர் 2015இல். அமெரிக்கர்களின் சுமார் 4,50,000 பதில்கள். ஏணிப்படி, வருமானம் ஏற ஏற ஏறிக்கொண்டே போனது. நேற்றைய நாளோ, வீட்டு வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 75,000 டொலர் வரை நன்றாகிக்கொண்டு வந்து பிறகு அப்படியே நின்றுவிட்டது. அந்த 75,000 டொலரை ரூபாவாக மாற்றிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அது அந்த ஊர் வாழ்க்கைச் செலவுக்கு உரிய கணக்கு.

எனக்கு அதில் பிடித்தது இன்னொரு முடிவு. நோய், தனிமை, மணமுறிவு போன்றவை தரும் மனவேதனை வருமானம் குறைந்தவர்களிடம் இன்னும் கூடுதலாக இருந்தது. அதே வருத்தம்தான், ஆனால் காசில்லாத இடத்தில் அதன் எடை கூடுகிறது. 24 வருடம் தராசுக்கு முன்னால் இருந்தவளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் ரயர் வெடித்தால் ஒருவருக்கு அரை மணித்தியாலம் சுணக்கம். இன்னொருவருக்கு அன்றைய கூலி போய், அடுத்த நாள் வேலையும் போய், மூன்றாம் நாள் மனைவியின் காதில் ஈர்க்கு.

என் பெரியக்காவிடம் இரண்டு கேள்வியையும் கேட்டுப் பார்த்தேன். ஏணியில் 8 என்றா. பிள்ளைகள் மூன்று பேரும் நல்ல இடத்தில், வீடு சொந்தம், கடன் இல்லை. சரி, நேற்று எப்படி? “நேற்றோ, முழங்கால் உளைவு. கோயிலுக்குப் போகேலாமல் போச்சு. ஒருத்தரும் வரேல்லை.” எட்டாம் படியில் நிற்கிறவவின் நேற்று அது.

யூலை 15

ஸ்காபரோவில் இருந்து எழுதிய தம்பி திருத்தியது சரி, 2010 முடிவோடு கதை முடியவில்லை. நான் பழைய கணக்கோடு நின்றுவிட்டேன்.

2021இல் மத்தியூ கில்லிங்ஸ்வேர்த் என்பவர் வேறு மாதிரி அளந்தார். கைத்தொலைபேசியில் ஒரு செயலி, நாளில் இடைக்கிடை மணி அடித்து “இந்த நிமிடம் எப்படி உணர்கிறீர்கள்” என்று கேட்கும். அமெரிக்காவில் வேலை செய்யும் 33,391 பேர், 17 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள். அவருடைய கணக்கில் 75,000 டொலரில் எதுவும் நிற்கவில்லை, கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவரும் கானெமானும், பாபரா மெல்லர்ஸ் என்பவரை நடுவில் வைத்து, சேர்ந்து உட்கார்ந்து 2023இல் திருத்திய முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காசோடு சந்தோஷமும் ஏறுகிறது. ஆனால் மிகவும் துயரத்தில் இருக்கிற 15 முதல் 20 வீதம் பேருக்கு மட்டும் ஏறக்குறைய 100,000 டொலருக்குப் பிறகு காசு உதவுவது நின்றுவிடுகிறது.

எதிரெதிராக நின்ற இருவர் ஒரு மேசையில் இருந்து கணக்குப் பார்த்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கானெமான் 2024 மார்ச்சில் காலமானார். கடைசி வரைக்கும் தன் முடிவைத் தானே திருத்தத் தயாராக இருந்தவர்.

இதில் ஏறுகிறது என்பது இரட்டிப்புக் கணக்கில். மாதம் 50,000 ரூபா ஒரு லட்சமாகும்போது வரும் மாற்றமும் 5 லட்சம் 10 லட்சமாகும்போது வரும் மாற்றமும் ஒரே அளவு. மேலே போகப் போக அதே ஒரு படிக்கு எவ்வளவு காசு கொட்ட வேண்டியிருக்கிறது பாருங்கள். அதே 2023 கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. வருமானத்தில் நாலு மடங்கு வித்தியாசம் அன்றைய மனநிலையில் செய்கிற வேலை, சாதாரண நாளுக்கும் வார இறுதிக்கும் உள்ள வித்தியாசம் அளவுதான். தலையிடி செய்கிற வேலை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

ஆக காசு பெரிதில்லை என்று ஒருவர் உடனே எழுதுவார். பொறுங்கள். தலையிடிக்கு மருந்தும், வைத்தியரிடம் காட்ட அரைநாள் லீவும் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

யூலை 19

“தொண்ணூறுகளில் ஒன்றுமே இல்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தோம்.” மானிப்பாய்க்காரர் எழுதியதை வாசித்தபோது நானும் தலையாட்டினேன். போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள், பின்னால் ஒரே புகை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பாட வைத்து, முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடி இரவில் பிபிசி தமிழோசை கேட்டோம். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதே விளக்கு, அதே இருட்டு. யாரிடமும் இல்லாததால் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை என்று நானும் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் எழுப்பிய கேள்வியும் இதன் பக்கத்தில் வருவதுதான். ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிடச் சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் நாடு முழுவதும் சேர்ந்து பணக்கார நாடாகும்போது சந்தோஷம் அதற்கேற்ற அளவுக்கு ஏறுவதாகத் தெரியவில்லை. மனிதர் பக்கத்து வீட்டைப் பார்த்து அளக்கிறார்.

இவ்வளவும் எழுதிவிட்டு அலுமாரியில் அம்மாவின் பழைய கணக்குக் கொப்பியைத் தேடி எடுத்தேன். 1993. வரவு செலவு எழுதுகிற கொப்பிதான், ஆனால் அம்மா ஓரத்தில் ஒரு வரி எழுதி வைப்பா. அதில் நாலைந்து:

“சவர்க்காரம் அரைக்கட்டி. பிள்ளைகளுக்கு மட்டும்.”

“மண்ணெண்ணெய் இல்லை. மாலையே படுத்தாச்சு.”

“சின்னவனுக்குக் காய்ச்சல். பனடோல் ரெண்டு, மாமி வீட்டில் கடன்.”

“மாமியிடம் பனடோல் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் போகவில்லை.”

கடைசி வரியில் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு பனடோல். அதற்காக அம்மா பக்கத்து வீட்டுக்கு எத்தனை நாள் போகாமல் இருந்தாவோ. மாமி எங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று எனக்குத் தெரியும். என் நினைவில் இருப்பது முற்றமும் வானொலியும். அம்மாவின் கொப்பியில் இருப்பது அரைக்கட்டிச் சவர்க்காரமும் போக முடியாமல் போன வீடும். எனக்கு அப்போது 22 வயது, அடுப்பு என் பொறுப்பு இல்லை. “சந்தோஷமாக இருந்தோம்” என்று சொல்கிறவர்கள் அப்போது வீட்டில் என்ன பொறுப்பில் இருந்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாரும் சமம் என்றதும் சரியில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமப் பகுதி முழுவதுமே எழும்பித் தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தபோது, மடியில் பவுண் இருந்தவர் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு அறை எடுத்தார். இல்லாதவர் பள்ளிக்கூட விறாந்தையில் படுத்தார். மழையும் பெய்தது.

யூலை 20

டைனமோ பற்றிப் பலர் எழுதியது நல்லாக இருந்தது. எங்கள் வீட்டில் சில்லைச் சுற்றுவது என் தம்பியின் வேலை. சுற்றுகிற சத்தத்தில் அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. செய்தி முடிந்ததும் வேர்க்க வேர்க்க வந்து “என்ன சொன்னவை?” என்று கேட்பான். எல்லாரும் சிரிப்போம், பிறகு யாராவது முழுச் செய்தியையும் அவனுக்காகத் திருப்பிச் சொல்லுவார்கள். அந்தச் சிரிப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொப்பியில் இல்லாவிட்டாலும் அதுவும் நடந்தது.

யூலை 22

லொத்தர் வென்றவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இல்லை என்று எழுதியவர்களுக்கு: எல்லாரும் சொல்லும் அந்த 1978 ஆய்வில் வென்றவர்கள் மொத்தமே 22 பேர். அதை வைத்து ஒரு முடிவுக்கு வருவது கஷ்டம். சுவீடனில் 2020இல் வெளிவந்த ஆய்வு, பெரிய தொகை வென்றவர்களை 5 முதல் 22 வருடம் கழித்துக் கேட்டது. வாழ்க்கை பற்றிய திருப்தி கூடியே இருந்தது, பத்து வருடம் தாண்டியும். அன்றாடச் சந்தோஷத்திலும் மனநலத்திலும் அந்த அளவுக்கு இல்லை. ஏணிக் கேள்வியும் நேற்றுக் கேள்வியும் இங்கேயும் பிரிகின்றன.

யூலை 27

நேற்று இரவு ஒரு ஆய்வை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. 2013இல் வந்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்புக்காரருக்கு அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் காசு கிடைக்கும். அதற்கு முந்திய மாதங்கள் இறுக்கம். அதே ஆளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள், படத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்கிற மாதிரியான சோதனைகள். அறுவடைக்கு முன் குறைவாகச் செய்தார்கள், பின் கூடுதலாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. மண்டைக்குள் கடன் குந்தியிருந்தால் மற்றதுக்கு இடமில்லை.

அதில் ஒரு எண்ணைப் பார்த்துத்தான் எழும்பி உட்கார்ந்தேன். அறுவடைக்கு முன் பொருள் அடகு வைத்தவர்கள் 78 வீதம். பின் 4 வீதம்.

இது எங்கள் வெங்காயக்காரர்தான். விதை வெங்காயம் வாங்குகிற நேரம் இணுவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கத்தில் இருந்து சங்கிலியும் காப்பும் வரும். வெங்காயம் விற்றதும் மீட்பு. ஒவ்வொரு போகமும் அதே நகை, அதே முகம், ஆனால் ஒரே ஆள் மாதிரித் தெரியாது. வைக்க வரும்போது அடையாள அட்டை இலக்கத்தைப் பிழையாக எழுதுவார்கள். பிறந்த வருடத்தை மாற்றிச் சொல்லுவார்கள். பேனையை மறந்து விட்டுப் போவார்கள், ஒருமுறை ஒருவர் குடையையும் பையையும் விட்டுப் போனார். சிலர் மீது நான் சினந்திருக்கிறேன். “ஐயா, உங்கட நம்பரே உங்களுக்குத் தெரியாதோ” என்று கேட்டிருக்கிறேன். மீட்க வரும்போது அதே ஐயா இலக்கத்தைப் பாடமாக ஒப்புவிப்பார், வட்டியை நான் கூட்டுவதற்கு முன் தானே கூட்டிச் சொல்லுவார். இருபத்துநாலு வருடமும் அதைக் கண்ணால் பார்த்தும் காரணம் இதுதான் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர்களிடம் அப்படிக் கேட்டதை நினைக்க இப்போது மனம் வருந்துகிறது.

நெருப்புக்குள்ளும் உறங்கலாம், வறுமைக்குள் கண்மூட முடியாது என்று வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மிகைப்படுத்திச் சொன்னது என்று நினைத்துப் பாடமாக்கினேன். அவர் நித்திரையைப் பற்றி, அதாவது அன்றைய இரவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

ஓகஸ்ட் 3

வருமானத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். அளக்க வேண்டியது கடன் என்று எனக்கு வர வரத் தோன்றுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தையல் வேலை செய்கிறவர். மாத வருமானம் மோசமில்லை. ஐந்து பேர் குழுவாகக் கையெழுத்து வைக்கிற நுண்கடன் எடுத்திருந்தார், கிழமைக்கு ஒருமுறை கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காசு சேர்க்கிறவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அங்கேயே இருக்க வேண்டும், காசு சேரும்வரை. சனிக்கிழமை தைக்கும்போது நன்றாகப் பாடுவார், ஞாயிறு கோயில். திங்கள் பின்னேரம் தொடங்கும். பிள்ளை ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார். செவ்வாய் காலை ஒழுங்கையில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் மெஷின் நின்றுவிடும். காசு கையில் தயாராக இருக்கிற கிழமையிலும் நின்றுவிடும். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவருடைய வருமானத்தைக் கேட்டு ஏணியில் எந்தப் படி என்று எழுதுகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை தெரியாது.

கடனைக் கட்டி முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். செவ்வாயில் இன்னும் மெஷின் நிற்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஓகஸ்ட் 4

2022 பொருளாதார நெருக்கடியில் காசு இருந்தும் என்ன பயன் என்று கேட்டவருக்கு. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவான அந்த யூன் மாதம் காசுள்ளவரும் வரிசையில் நின்றார் என்பது உண்மை. காசு வெறும் கடதாசியானதைக் கண்ணால் கண்டோம். ஆனால் வரிசை எல்லாருக்கும் ஒரே வரிசை இல்லை. காரில் இருந்தவர் ஆளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வந்தார். ஓட்டோ அண்ணை இரண்டு இரவு ஓட்டோவுக்குள்ளேயே படுத்தார், ஏனென்றால் அந்த ஓட்டோதான் அவருடைய சமையலறை. இருவருக்கும் வரிசை எரிச்சல்தான். ஒருவருக்கு அது எரிச்சலோடு நின்றது.

ஓகஸ்ட் 10

நல்லூர்த் திருவிழா நாட்கள். இந்த நேரம் அடைவுப் பகுதியில் மீட்பு கூடுதல். கொடியேறுவதற்கு முன் சங்கிலியை எடுக்க வேண்டும், தேரன்று வெறுங்கழுத்தோடு எப்படி நிற்பது? திருவிழா முடிந்து சில நாளில் அதே சங்கிலி திரும்பி வரும். அதன் நிறை எனக்குப் பாடம். மீட்கக் கட்டிய காசுக்கு வட்டி, திரும்ப வைத்ததற்கு வட்டி, எல்லாம் கூட்டினால் அந்த இருபத்தைந்து நாள் கழுத்துக்கு நல்ல விலை கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் இதை வீண் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 2005இல் எர்ஸோ லுட்மர் என்பவர் அமெரிக்கத் தரவுகளை வைத்து, தன் வருமானம் அப்படியே இருக்க, அயலவர் வருமானம் கூடினால் ஆளின் சந்தோஷம் குறைகிறது என்று காட்டினார். அயல் முழுதும் ஒரே வீதியில் வந்து நிற்கிற நாள் தேர். அன்று ஒரு பெண் தலைநிமிர்ந்து நிற்கக் கொடுத்த காசை வீண் என்று சொல்ல நான் யார்?

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று. மதில் என்றீர்கள். முன்பு அங்கே கிடுகு வேலி இருந்திருக்கும், இல்லையா? வேலியில் ஆள் நுழைந்து போகிற ஒரு பொட்டு இருந்திருக்கும். உங்கள் அம்மா அந்தப் பொட்டால் எத்தனை தரம் அடுத்த வீட்டுக்குப் போய் வந்திருப்பா, கறிவேப்பிலைக்கு, ஒரு சுண்டு அரிசிக்கு, ஒன்றுமில்லாமல் சும்மாவும். அண்ணாவின் காசு மாடியைத் தந்தது. அதே காசு அந்தப் பொட்டை அடைத்துவிட்டது. அம்மாவின் முகத்துக்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஓகஸ்ட் 11

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்ப எடுக்கிறேன். சங்கானையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா: கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், வேலி இருந்தவரை இரவில் நாய் குரைத்தால் விடியும்வரை கண்மூடியதில்லை, மதில் கட்டிய அன்றுதான் நித்திரை கொண்டாவாம். மதிலைப் பற்றி எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் ஆண்கள் இருந்தார்கள். தங்கச்சி சொன்னதற்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை.

ஓகஸ்ட் 24

அனுப்புகிறவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. நானும்தான்.

என் தங்கச்சி பாரிஸில். விடிய நாலரைக்கு எழும்பி, முதல் மெற்றோவில் போய், ஆட்கள் வருவதற்கு முன் அலுவலகங்களைத் துப்புரவாக்க வேண்டும். பின்னேரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவல். இருபது வருடமாக இதுதான். நாங்கள் அங்குள்ள லா ஷப்பல் என்ற தமிழ்க் கடைத்தெருவின் படங்களைப் பார்த்துவிட்டு அங்கே யாழ்ப்பாணம் மாதிரியே இருக்கிறதாமே என்போம். அவள் அங்கே போவது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. எங்கள் கிணறு இறைக்கும் மோட்டர், அம்மாவின் கண் சத்திரசிகிச்சை, என் மகனின் படிப்பு, எல்லாவற்றிலும் அவளுடைய விடிகாலைகள் இருக்கின்றன. இங்கே ஒரு வீட்டின் நாள் இலகுவானதற்கு அங்கே ஒருத்தியின் நாள் போயிருக்கிறது. எந்த ஆய்விலும் இந்த இரண்டு நாட்களும் ஒரே கணக்கில் வந்ததை நான் பார்க்கவில்லை.

எலிசபெத் டன்னும் இன்னும் இருவரும் 2008இல் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார்கள். 46 பேரிடம் காலையில் 5 டொலரோ 20 டொலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தமக்கே செலவழிக்கச் சொன்னார்கள், மற்றப் பாதியைப் பிறருக்கு. பின்னேரம் கேட்டால் பிறருக்குச் செலவழித்தவர்கள் கூடச் சந்தோஷமாக இருந்தார்கள், தொகை எவ்வளவு என்பது பெரிதாகத் தெரியவில்லை. இதை வாசித்ததும் தங்கச்சிக்கு எடுத்தேன். “காசு அனுப்புகிற நாளில் உனக்கு எப்படி இருக்கும்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அனுப்பிப்போட்டு வெளியால வரேக்க நல்லா இருக்கும் அக்கா. வீட்டை வந்து செருப்பைக் கழட்டும் மட்டும்.” பிறகு கால் வீக்கத்தைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். இருபது வருடமாக “சுகமாக இருக்கிறன்” மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

தம்பி, உங்கள் அண்ணாவிடமும் நேற்றுக் கேள்வியைக் கேளுங்கள்.

செப்டெம்பர் 7

தம்பி நேற்று எழுதியதை எல்லாரும் வாசித்திருப்பீர்கள். அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மதிலும் இல்லை, பொட்டும் இல்லை, என் ஊகம் பிழை. மாடி கட்ட எடுத்த கடனில் அண்ணா இன்னும் அங்கே கட்டிக்கொண்டிருக்கிறாராம். பிள்ளை இரவு வேலையும் செய்கிறான் என்று மருமகள் தொலைபேசியில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஏசி போட்டுப் படுக்க மனமில்லை. அந்த அறையில் வேர்க்க வேர்க்கத்தான் படுக்கிறாவாம். இரண்டு வருடமாக வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்கு மேல் நான் என்ன எழுத. அண்ணாவை ஒரு மாதம் லீவு போட்டு வரச் சொல்லுங்கள், காசு அனுப்பாமல்.

செப்டெம்பர் 9

இன்று காலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். தம்பி சொன்ன அக்கா இவராகத்தான் இருக்க வேண்டும், தூரத்திலேயே சத்தம் கேட்டது. பழக்கதோஷம், முதலில் காதைப் பார்த்தேன். கல்லுத்தோடு இரண்டும் இருந்தன. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே “நேற்று வியாபாரம் எப்படி அக்கா” என்று கேட்டேன்.

“நேற்று மழை, பாதி அழுகிப் போச்சு. வீட்டை போய் அதையே குழம்பு வைச்சு, பிள்ளையள் மூக்கைச் சுழிச்சுச் சுழிச்சுச் சாப்பிட்டதுகள்.” சொல்லிவிட்டு, அவர்கள் சுழித்தது எப்படி என்று மூக்கைச் சுழித்துக் காட்டினார். பக்கத்தில் தேசிக்காய் விற்ற ஐயாவும் சிரித்தார். “இன்றைக்கு வெயில் எறிக்குது, பாப்பம்” என்றபடி என் ஒரு கிலோவுக்கு மேல் இரண்டு காயைப் போட்டார்.

அந்த இரண்டுக்கும் காசு கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை.